காலுக்குப் பிடித்த பெடல்!

காஞ்சீபுரத்தில் பட்டுப் புடவை வாங்கப் போகிறீர்கள். கடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்ததும் என்ன செய்வீர்கள்?

முதலில் வர்ணத்தைப் பார்ப்பீர்கள். ஆனால் வர்ணத்தோடு விட்டுவிடுவீர்களா? மாட்டீர்கள்! முந்தானையை விரல்களுக்கிடையில் வைத்துக் கசக்கிப் பார்ப்பீர்கள். புடவையைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்ப்பீர்கள். கரையும் உடலும் சேருகிற இடத்தை விரலால் வருடிப் பார்ப்பீர்கள். கையில் தூக்கிக் கனம் எப்படி என்று நிதானிப்பீர்கள். “கண்ணுக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்கம்மா” என்று கடைக்காரர் எத்தனை தடவை சொன்னாலும், உங்கள் கை சம்மதித்தால்தான் பணப்பை திறக்கும்.

இதே நீங்கள் பெண்ணுக்கு ஒரு சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பா, நீலமா என்று கேட்கிறீர்கள். முன்னால் கூடை உண்டா, மணி நன்றாக அடிக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பின்னால் ‘காரியர்’ வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தக் குழந்தை மேட்டில் ஏறும்போது எதன்மேல் தன் முழு பாரத்தையும் வைத்து நிற்கப்போகிறாளோ, அந்தப் பெடலை ஒரு தடவையாவது குனிந்து பார்த்தீர்களா?

தமிழில் சைக்கிளுக்கு ‘மிதிவண்டி’ என்று பெயர். மிதியை வைத்துத்தான் வண்டிக்கே பெயர் வைத்திருக்கிறோம். இருந்தும், வண்டியில் நாம் கடைசியாகக் கவனிக்கும் சாமான் அந்த மிதிதான்! கவனிக்காமல் விட்டதன் பலன் என்ன தெரியுமா? ஒரு மழை நாளில் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள். ஈரக் கால் பெடலிலிருந்து வழுக்கும். சுழன்று வரும் பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓங்கி அடிக்கும். இரண்டு நாள் வீங்கியிருக்கும். அதற்குப் பிறகு அவள், “பஸ்ஸிலேயே போறேம்மா” என்பாள். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேரும். “அவளுக்கு சைக்கிள் வரவில்லை” என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். குற்றவாளி யார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஆகவே சகோதரிகளே, இந்த வாரம் நாம் பெடலை விசாரணைக்கு எடுத்துக்கொள்வோம்.

குழிக்குள்ளே இருக்கும் கால்

காஞ்சீபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளுக்குப் போனால், வீட்டுக்குள் தரையில் குழி வெட்டித் தறி அமைத்திருப்பதைப் பார்க்கலாம். குழித்தறி என்று அதற்குப் பெயர். நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டுக்கொள்கிறார். அடியிலே மிதிகள் இருக்கின்றன. ஒன்றை மிதித்தால் பாவு இழைகளில் ஒரு பகுதி மேலும், ஒரு பகுதி கீழுமாகப் பிரிந்து வழி விடுகிறது. அந்த வழியில் நாடா ஓடுகிறது. கால் மாறினால் இழைகளும் இடம் மாறுகின்றன.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நெசவாளரின் கண் முழுவதும் மேலே துணியில் இருக்கிறது. கையில் நாடா இருக்கிறது. கால் எங்கே இருக்கிறது என்று அவர் குனிந்து பார்ப்பதே இல்லை. பார்க்க நினைத்தாலும் குழிக்குள் இருட்டு! எந்த மிதி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தவேண்டும், எப்போது விடவேண்டும் என்பதெல்லாம் பாதத்துக்கே தெரிந்திருக்கிறது. செருப்பில்லாத வெறுங்கால், விரல்களை விரித்துப் பலகையில் படிந்து உட்காருகிறது.

சைக்கிள் விடுகிறவர் சங்கதியும் இதேதான். கண் சாலையில் இருக்கவேண்டும். கால் தானாகப் பெடலைத் தேடிப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிடித்த பிறகு நகராமல் இருக்கவேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம்: தறியின் மிதி இருந்த இடத்திலேயே மேலும் கீழும் போய்வருகிறது, சைக்கிள் பெடல் வட்டமாகச் சுற்றுகிறது. போதாததற்குச் சாலையில் இருக்கும் குண்டும் குழியும் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடுகின்றன. ஆகையால் தறிக்கு ஒரு சாதாரணப் பலகை போதும். சைக்கிளுக்கு அது போதாது. பெடலின் வடிவமும், பாதத்துக்கு அது கொடுக்கும் பிடிப்பும் சேர்ந்துதான் நம்மைக் காப்பாற்றுகின்றன.

பெடல் பிறந்த கதை

முதல் சைக்கிளுக்குப் பெடலே கிடையாது என்றால் நம்புவீர்களா? 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்த வண்டிக்கு இரண்டு சக்கரமும் ஓர் ஆசனமும்தான். ஏறி உட்கார்ந்து, தரையைக் காலால் உதைத்துக்கொண்டே போகவேண்டியதுதான்! 1860-களில் பாரிஸ் நகரத்தில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடல் பொருத்தினார்கள். 1885-ல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ‘ரோவர்’ வண்டியில் பெடல் நடுவுக்கு வந்து, சங்கிலி மூலமாகப் பின்சக்கரத்தைச் சுழற்றியது. இன்றைக்கு நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிள் அதன் வம்சம்தான்.

நம் ஊருக்கு வருவோம். 1949-ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியாரும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அம்பத்தூரில் தொழிற்சாலை எழுந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் உறவுக்காரர்களின் பெயர்களைப்போல ஆகிவிட்டன. அந்த வண்டிகளில் வந்தது கறுப்பு ரப்பர்க் கட்டை வைத்த பெடல். அதிலே குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு ‘குரங்குப் பெடல்’ அடித்துப் பழகாத தமிழ்ப் பையன்கள் அபூர்வம். அந்தப் பெயரிலேயே 2024-ல் ஒரு சினிமாப் படமும் வந்தது!

நாலு ஜாதிப் பெடல்கள்

இன்று சைக்கிள் கடையில் பெடல் என்று கேட்டால், பெரும்பாலும் நாலு விதத்தில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றின் குணத்தையும் பார்ப்போம்.

முதலாவது, ரப்பர்ப் பெடல். நமக்கெல்லாம் பழக்கமானது. பாதத்துக்கு மெத்தென்று இருக்கும். ரப்பர்ச் செருப்புக்கும் வெறுங்காலுக்கும் இதைப்போல இதமானது வேறில்லை. புடவைத் தலைப்போ பாவாடை ஓரமோ பட்டாலும் கிழிக்காது. குறை என்ன? புதிதாக இருக்கும்போது அதன் மேலே வரிவரியாகப் பள்ளம் இருக்கும். வருஷக்கணக்கில் மிதிபட்டால் அந்த வரிகள் தேய்ந்து, கட்டை வழவழவென்று ஆகிவிடும். அதன்மேல் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் எண்ணெய் தடவிய அம்மிக்கல்தான்!

இரண்டாவது, சாதாரண பிளாஸ்டிக் பெடல். கியர் சைக்கிள்கள், குழந்தைகள் சைக்கிள்கள் ஆகியவற்றில் பெரும்பாலும் இதுதான் வருகிறது. விலை குறைவு, கனம் குறைவு. ஓரத்தில் பல்பல்லாக வெட்டியிருப்பார்கள். ஆனால் அந்தப் பல் வழுவழுப்பான பிளாஸ்டிக் பல், சீக்கிரம் மழுங்கிவிடும். நடுவிலே காலியாக இருப்பதால், மெல்லிய செருப்புப் போட்ட காலுக்கு விளிம்பு மட்டும் உறுத்தும்.

மூன்றாவது, இரும்புச் சட்டம் போட்ட பெடல். இங்கிலீஷ்காரர்கள் இதற்கு ‘எலிப்பொறி’ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னும் மெல்லிய தகடுகள். அதிலே ரம்பப் பல். கெட்டியான தோல் ‘ஷூ’வுக்கு நல்ல பிடிப்பு. செருப்புக்காரர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

நாலாவதாக இருப்பதுதான் இப்போது காலேஜ் பிள்ளைகள் ஆசைப்படுவது: மலைச் சைக்கிளுக்கென்று செய்த அகலமான தட்டைப் பெடல். ஏறக்குறைய நாலங்குலச் சதுரம். முழுப் பாதமும் படிகிற மாதிரி ஒரு மேடை. அந்த மேடையின் ஓரங்களில் சின்னச் சின்ன ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும்.

மலைச் சைக்கிள் பிறந்த இடத்தைச் சொல்லாவிட்டால் கதை முடியாது. 1970-களில் அமெரிக்காவில், சான்பிரான்ஸிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ள டமல்பாயிஸ் மலைப்பக்கத்தில், சில வாலிபர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மண்பாதையில் தலைதெறிக்க ஓட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976-ல் அங்கே பந்தயமும் ஆரம்பித்தார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்துப் பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடுமாம். மறுபடியும் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்த விளையாட்டிலிருந்துதான் மலைச் சைக்கிள் உருவாயிற்று. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸிலேயே அது இடம்பிடித்துவிட்டது. கல்லிலும் வேரிலும் வண்டி துள்ளும்போது கால் நழுவக்கூடாது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் உடனே காலை எடுத்துத் தரையில் ஊன்றவும் வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் அகலமான பெடலும் ஆணியும் கைகொடுக்கின்றன.

தாம்பாளமா? கவிழ்த்த தட்டா?

அகலப் பெடல்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கண் மட்டத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

சில பெடல்களில் ஓரம் உயர்ந்து நடுப்பகுதி தாழ்ந்திருக்கும், தாம்பாளம் மாதிரி. காலை வைத்ததும் பாதம் நடுவில் இறங்கி, ‘இதுதான் என் இடம்’ என்று உட்கார்ந்துவிடும். முன்னும் பின்னும் உள்ள விளிம்பு பாதத்தை நகரவிடாது. இங்கிலாந்தின் டி.எம்.ஆர். கம்பெனி செய்யும் ‘வால்ட்’ என்ற பெடல் இந்த வகை. மலைப்பாதையில் இறங்குகிறவர்களில் பலர் இந்தக் குழி வடிவத்தையே விரும்புகிறார்கள்.

வேறு சிலவற்றில் நேர்மாறு. அச்சு ஓடுகிற நடுப்பகுதி சற்றுப் பருத்தும் ஓரம் மெலிந்தும் இருக்கும், கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி. பாதத்தின் அடியில் இயற்கையாகவே ஒரு வளைவு இருக்கிறதல்லவா? மேடான பெடல் அந்த வளைவுக்குள் போய்ப் பொருந்திக்கொள்கிறது. காலை நடுப்பாதத்தில் வைத்து மிதிக்கிறவர்களுக்கு இது சுகம். கானடா தேசத்து ‘ஒன்அப்’ கம்பெனியின் அலுமினியப் பெடல் இந்த ரகம்.

மூன்றாவது ரகத்தில் குழியும் இல்லை, மேடும் இல்லை. தோசைக்கல் மாதிரி சமமாக இருக்கும். காலை எங்கே வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பிடிப்பு முழுவதையும் ஆணிகளே தரவேண்டும்.

இவற்றில் எது உயர்ந்தது? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தட்டைப் பாதமுள்ளவர் ஒன்றைப் புகழ்வார். வளைந்த பாதமுள்ளவர் இன்னொன்றைப் புகழ்வார். இருவரும் நிஜமே சொல்கிறார்கள்! ரவிக்கை அளவைப்போல இதுவும் ஆளுக்கு ஆள் மாறும்.

அளவிலும் அப்படித்தான். பெரிய பெடல்தான் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பாதத்துக்குப் பெரிய மேடை கிடைத்தால், ஓரத்து ஆணிகள் பாதத்துக்கு வெளியே நின்றுவிடும். அவற்றால் பிடிப்புக் கிடைக்காது. காலில் கீறத்தான் உதவும். அமெரிக்காவின் ‘கிராங்க்பிரதர்ஸ்’ கம்பெனி தன் ‘ஸ்டாம்ப்’ பெடலைச் சின்னது, பெரியது என்று இரண்டு அளவில் செய்து விற்பது இதனால்தான். நம் பெண்களின் பாதம் பெரும்பாலும் சிறியது. கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கனபரிமாணத்தையும் பாருங்கள். தடித்த பெடலில் பாதம் அச்சுக்கு வெகு உயரத்தில் நிற்கிறது. ஆகவே பெடல் பாதத்துக்கு அடியில் உருண்டு திரும்பப் பார்க்கும். மெல்லிய பெடல் அப்படித் திரும்பாது. வளைவில் வண்டி சாயும்போது தரையில் இடிப்பதும் குறைவு.

ஆணியும் செருப்பும்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வந்துவிட்டோம்.

மலைப் பெடலில் இருக்கும் ஆணிகள் நாலைந்து மில்லிமீட்டர் உயரம் இருக்கும். பலவற்றில் திருகிக் கழற்றவும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். ரப்பர் அடி வைத்த ‘ஷூ’ போட்டுக்கொண்டு அதன்மேல் நின்றால், ஆணி ரப்பரில் புதைந்து காலை அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்த ரப்பரிலும் வித்தியாசம் உண்டு. பாறை ஏறுகிறவர்களுக்காக 1985-ல் தொடங்கிய ‘ஃபைவ் டென்’ என்ற அமெரிக்கக் கம்பெனி, பாறையில் ஒட்டிக்கொள்ளும் மெதுவான ரப்பரைச் செய்தது. பிற்பாடு அதே ரப்பரை வைத்து மலைச் சைக்கிள்காரர்களுக்கும் காலணி செய்து பெயர் வாங்கியது. கடினமான அடியுள்ள ‘ஷூ’வுக்கு எத்தனை கூரான ஆணியும் பிரயோஜனமில்லை. மெதுவான அடிக்குப் பாதி ஆணி போதும்.

ஆகவே பெடலை மட்டும் தனியாக வைத்து, ‘இது நல்லது, அது கெட்டது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. பெடல், காலணி, பாதம் ஆகிய மூன்றும் ஒரு குடும்பம். மூவரும் ஒத்துப்போனால்தான் குடித்தனம் நடக்கும்!

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெண்களுக்கென்று ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். விலை உயர்ந்த கியர் சைக்கிள் வாங்குகிறோம், அதற்கேற்ற பெடலாக இருக்கட்டும் என்று கூரான ஆணிப் பெடலைப் பெண்ணுக்குப் போட்டுவிடாதீர்கள். அவள் ‘டியூஷ’னுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் போவாள். கோவிலுக்கு வெறுங்காலோடு கூடப் போவாள். செருப்பின் மெல்லிய அடியில் ஆணி குத்தும். கால் நழுவினாலோ, கெண்டைக்காலிலும் முன்னெலும்பிலும் கோடு கோடாகக் கீறிவிடும். சல்வாரின் கால் ஓரம் மாட்டிக்கொள்ளும். மலைப்பாதைக்குப் பாதுகாப்பாக இருக்கும் ஆணி, காந்தி ரோடில் ஆபத்தாக முடியும்.

கவ்விப் பிடிக்கும் பெடல் வேண்டாமா?

“பந்தயக்காரர்கள் காலைப் பெடலோடு பூட்டிக்கொள்கிறார்களாமே, அது இன்னும் பத்திரம் இல்லையா?” என்று உங்கள் பிள்ளை கேட்கலாம். கேட்கிறான் என்றால் விஷயம் தெரிந்தவன்தான். 1984-ல் பிரான்ஸ் தேசத்து ‘லுக்’ கம்பெனி, பனிச்சறுக்குக் கட்டையில் காலணியைப் பூட்டும் முறையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு வருஷமே பெர்னார் ஈனோ அதைப் போட்டுக்கொண்டு ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தில் ஜயித்தார். குதிகாலைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பினால் பூட்டுத் திறந்துகொள்ளும்.

ஆனால் பூட்டிக்கொண்டால்தான் ஜயம் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஸாம் ஹில் சாதாரணத் தட்டைப் பெடலில் கால் வைத்தே மலை இறக்கப் பந்தயத்தில் 2006, 2007, 2010 ஆகிய வருஷங்களில் உலகச் சாம்பியன் ஆனார்!

நம் ஊருக்கு எது ஏற்றது என்பதை யோசித்துப் பாருங்கள். வைகாசி மாதம் வரதராஜப் பெருமாளின் கருட சேவையன்று காஞ்சீபுரத்து வீதியில் சைக்கிளோடு மாட்டிக்கொண்டால் பத்தடிக்கு ஒரு தரம் காலை ஊன்றவேண்டும். பசுமாடு குறுக்கே வந்தால் ஊன்றவேண்டும். ஆட்டோ திடீரென்று திரும்பினால் ஊன்றவேண்டும். பூட்டைத் திறக்க நேரம் ஏது? தட்டைப் பெடலே நமக்குத் தகுந்தது.

புதுக்கோட்டைப் பெண்கள் சொன்ன பாடம்

பெடல் என்றால் வெறும் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சங்கதி. 1990-களின் ஆரம்பத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதும் அந்த இயக்கத்தின் ஓர் அங்கமாயிற்று. வயல் வேலைக்காரிகள், கல் குவாரியில் உழைப்பவர்கள், கிராமத்து நர்சுகள் எல்லோரும் பழகினார்கள். 1992-ல் மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் புதுக்கோட்டையை வலம் வந்தார்கள். பெண்களுக்கான வண்டி போதாமற்போகவே, பலர் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். குழந்தையைக் கம்பியில் உட்காரவைக்கலாமே என்று அதிலும் ஒரு சௌகரியம் கண்டார்கள்! புடவை கட்டிய அந்தக் கால்களுக்குக் கிடைத்த சுதந்திரம் சாதாரணமானதல்ல. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், கணவனையோ அண்ணனையோ கூப்பிடாமல், தண்ணீர்க் குடத்தோடும் குழந்தையோடும் தாங்களே போய்வந்தார்கள்.

அதே எண்ணத்தில்தான் தமிழ்நாட்டு அரசாங்கம் பள்ளிப் பெண்களுக்கு இலவச சைக்கிள் தர ஆரம்பித்து, 2005-06-லிருந்து அரசு, உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புக்கு வரும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் அதை விரிவாக்கியது. பள்ளிக்கூடம் தூரம் என்ற காரணத்தால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். அப்படியிருக்க, தேய்ந்துபோன ஒரு ரப்பர்க் கட்டையால் அவள் சைக்கிளை விட்டுவிட்டாள் என்றால் அது எவ்வளவு அநியாயம்!

உங்கள் வீட்டுக்கு எது?

பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு: வரிகள் ஆழமாக உள்ள புது ரப்பர்ப் பெடல், அல்லது அகலமான நைலான் பெடல். நைலானில் வார்த்த மழுங்கலான முனைகள் இருந்தால் போதும். இரும்பு ஆணி வேண்டாம். சின்ன அளவாகப் பார்த்து வாங்குங்கள்.

மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் புடவையோடு போகும் உங்களுக்கு: சந்தேகமே வேண்டாம், ரப்பர்தான். வருஷத்துக்கு ஒரு தரம், ஐப்பசி மழை தொடங்குமுன் தடவிப் பாருங்கள். விரலுக்கு வரி தட்டுப்படவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

கியர் சைக்கிளில் ஏற்காடும் நீலகிரியும் போகத் துடிக்கும் காலேஜ் பிள்ளைக்கு: ஆணி வைத்த அகலப் பெடல். ஆனால் மெதுவான ரப்பர் அடியுள்ள ‘ஷூ’ போட்டுக்கொள்வதாக அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான்! நைலான் பெடல் விலை குறைவு. கல்லில் பட்டாலும் சறுக்கிக்கொண்டு போய்விடும். அலுமினியம் விலை அதிகம். மெல்லியதாகவும் உறுதியாகவும் செய்ய முடியும். முதல் பெடலாக நைலானே வாங்கிக்கொடுங்கள். பாதத்துக்குக் குழி பிடிக்கிறதா, மேடு பிடிக்கிறதா என்று அவனுக்குத் தெரிந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

கடையில் செய்யவேண்டிய பரீட்சை

புடவைக் கடையில் உங்களுக்கு இருக்கும் சாமர்த்தியத்தை இங்கேயும் காட்டுங்கள். பெடலை விரலால் சுண்டிவிடுங்கள். கரகரவென்று சத்தமில்லாமல் சுற்றவேண்டும். கரகரத்தால் உள்ளே ‘பால்ரஸ்’ சரியில்லை. பிறகு பெடலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. அடுத்தபடியாக, வண்டியைக் கடைக்காரர் பிடித்துக்கொள்ள, பெண்ணை ஏறி இரண்டு பெடல்களிலும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். எந்தச் செருப்பில் தினமும் போவாளோ அதே செருப்போடு! கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்து மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள். கால் தடவித் தேடாமல் போய் உட்கார்ந்தால் சரியான பெடல். இது நெசவாளரின் பரீட்சை.

மாற்றுவதும் பெரிய காரியமல்ல. 15-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. வலது பெடல் சாதாரணத் திருகு. இடது பெடலுக்கு எதிர்த் திருகு! மிதிக்க மிதிக்கத் தானே கழன்று விழாமலிருக்க இந்த ஏற்பாடு. எந்தப் பக்கமானாலும், ஸ்பேனரின் பிடியை மேல் நோக்கி வைத்து, பின்சக்கரத்துப் பக்கமாகத் தள்ளினால் கழலும். முன்சக்கரத்துப் பக்கமாகத் தள்ளினால் இறுகும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மெக்கானிக்கைத் தேடவே வேண்டியதில்லை. பெரியவர்கள் சைக்கிள்களில் இப்போது பெரும்பாலும் பெடல் அச்சு ஒரே அளவுதான்; சில குழந்தைகள் சைக்கிளில் மட்டும் சற்றுச் சிறிதாக, அரை அங்குலமாக இருக்கும். பழைய பெடலைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஏமாற வேண்டியிருக்காது.

காலை வைக்கும் விதத்தையும் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுங்கள். விரல் நுனியால் மிதித்தால் கெண்டைக்கால் வலிக்கும். கால் நழுவுவதும் எளிது. பாதத்தின் முன்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் பெடலின் அச்சு வரவேண்டும். இறக்கத்தில் போகும்போது குதிகாலைச் சற்றுத் தாழ்த்தினால் பாதம் பெடலோடு அழுந்தி நிற்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். இன்று சாயங்காலம் மாடிப்படிக்கு அடியில் நிற்கும் சைக்கிளை வெளியே எடுங்கள். தூசியைத் தட்டிவிட்டு, இரண்டு பெடல்களையும் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்குச் சைக்கிள் வராமல் போகவில்லை. புதுப் பெடல் ஒரு ஜோடி போட்டுக்கொடுத்து, நாளைக் காலையில் தெருமுனை வரையில் அவள் ஒரு நடை போய்வரட்டும்!